குவைத்தம்மா

என் மகள் என்னைக் கூப்பிடுவது 'குவைத்தம்மா' என்று. வெறும் 'அம்மா' என்று அவள் கூப்பிடுகிற ஆள் வேறு. அது பேச்சியம்மா. என் புருஷனுடைய அக்கா, எனக்கு மதினி.

பூண்டுலோயாவுக்கு மேலே இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்தில், ஒரே லயத்து வீட்டு வரிசையில், பக்கத்துப் பக்கத்து ஒற்றை அறைக் காம்பராவில் இருந்தவர்கள் நாங்கள். என் புருஷன் நல்லமுத்து கொழும்புக்குக் கடை வேலைக்கென்று போய் அங்கேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்டான். அவனைப் பற்றி இதற்கு மேல் ஒரு வார்த்தை வீணாக்கமாட்டேன். சுலக்ஷனாவுக்கு இரண்டு வயதாக இருக்கும்போது அவளை மதினியின் கையில் கொடுத்துவிட்டு நான் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனேன். ஏழு வருடம். நடுவில் ஒரே தடவை இருபது நாள் லீவில் வந்தேன். மற்றபடி என் பிள்ளை வளர்ந்ததையெல்லாம் நான் பார்த்தது போன் திரையில்தான். பல் விழுந்ததைப் பார்த்தேன், முளைத்ததைப் பார்த்தேன், இரட்டைச் சடை போட்டுக்கொண்டதைப் பார்த்தேன். தொட்டுத்தான் பார்க்கவில்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டேன். வந்த அன்றைக்கு அவள் மதினியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "வாங்க குவைத்தம்மா" என்றாள். லயமே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்புறம் முகம் கழுவுகிற சாக்கில் பீலிக்கரைக்குப் போய், தண்ணீர் கொட்டுகிற சத்தத்தில் அழுது தீர்த்தேன்.

அவள் மரியாதையான பிள்ளை. அதுதான் எனக்கு எரிச்சல். என்னிடம் 'வாங்க, போங்க, சாப்புட்டீங்களா' எல்லாம். மதினியிடம் 'நீ போ, நீ வா, எனக்கு ஊட்டி விடு'. தோட்டத்துப் பெரிய துரையோடு பேசுகிற மாதிரி பெற்ற தாயோடு பேசினால் எந்த வயிறுதான் எரியாது?

நான் ஒரு முடிவோடுதான் வந்திருந்தேன். ஹட்டனில் சோமசுந்தரம் முதலாளியின் துணிக்கடையில் வேலை பேசியாயிற்று. கடைக்குப் பின்னால் ஓர் அறை. அங்கே பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு இடமும் கேட்டு வைத்துவிட்டேன். வரப்போகிற திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். எல்லாம் சரி, மதினியிடம் சொல்ல வேண்டுமே. சண்டை வரும் என்று நினைத்துக்கொண்டு, பதில்களையெல்லாம் மனசில் அடுக்கிக்கொண்டு போய் நின்றேன். அவர் சண்டையே போடவில்லை.

"அவ வாயால 'வர்றேன்'னு சொல்லட்டும். தாராளமா கூட்டிட்டுப் போ" என்றார். "இழுத்துட்டு மட்டும் போயிராத, சுதர்ஷினி."

சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. முறத்தில் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். அந்த அரிசியில் கல்லே இல்லை.

ஆக, அந்த ஒரு வார்த்தையை அவள் வாயிலிருந்து வாங்க வேண்டும். லயத்தில் வைத்துக் கேட்டால் மதினியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டுவாள். அதனால் பள்ளிக்கூட லீவில் ஒரு புதன்கிழமை, "நுவரெலியா சுத்திப் பாக்கப் போவமா?" என்று கேட்டேன்.

"நெசமாவா? குதிரை இருக்கும்னாங்களே, அதுல ஏறலாமா?"

"ஏறலாம்."

"அம்மாவும் வருதா?"

"அம்மாவுக்கு வேலை இருக்கு. நாம ரெண்டு பேருந்தான்."

கொஞ்சம் யோசித்தாள். குதிரைதான் ஜெயித்தது.

உலகத்தில் எங்கெங்கோ இருந்தெல்லாம் ஆட்கள் ப்ளேன் ஏறி நுவரெலியாவைப் பார்க்க வருகிறார்கள். இரண்டு பஸ் தூரத்தில் பிறந்த என் பிள்ளை அதைப் பார்த்ததில்லை. நானே போனது ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை, அரசாங்கக் கச்சேரிக்கு இரண்டு தடவை. வரிசையில் நின்றேன், திரும்பி வந்தேன். ஊர் எப்படி இருந்தது என்று யாராவது கேட்டிருந்தால் முன்னால் நின்றவரின் முதுகைத்தான் சொல்லியிருப்பேன்.

தலவாக்கலையில் பஸ் மாறினோம். நானுஓயா வளைவுகளில் அவளுக்குக் குமட்டிவிடுமோ என்று பயந்து, பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டினேன்.

"வேணாங்க. அம்மா புளி முட்டாய் குடுத்து உட்டுருக்கு" என்று சட்டைப் பையைத் தட்டிக் காட்டினாள். ஒன்றை எடுத்து எனக்கும் கொடுத்தாள். மதினி கொடுத்தனுப்பிய மிட்டாயைச் சப்பிக்கொண்டே, அவரிடமிருந்து பிள்ளையைப் பிரிக்கும் காரியத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

நுவரெலியாவில் இறங்கியபோது பனிமூட்டம் பாதி கலைந்திருந்தது. சீசன் முடிந்து கூட்டம் குறைந்த நேரம். கூரான கூரையும் உயரமான புகைக்கூண்டுமாக வீடுகள், வேலி ஓரமெல்லாம் பூ. வெள்ளைக்காரன் தன் ஊர் ஞாபகம் தாங்காமல் இங்கே இன்னொரு ஊரைக் கட்டிக்கொண்டான் என்று சொல்வார்கள். கட்டினானாம்! கல் சுமந்தது எங்கள் ஆட்கள். ஆனாலும் அந்த வீடுகளைப் பார்க்கும்போது அவன் மேல் எனக்குக் கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. நானும் குவைத்தில் சமையலறை சன்னலில் ஒரு பெயின்ட் டப்பாவில் கறிவேப்பிலை வைத்திருந்தேன். அது செத்துப்போன அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

விக்டோரியா பூங்காவில் டிக்கெட் எடுத்துக்கொண்டு உள்ளே போனோம். சுலக்ஷனா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பூக்களைப் பார்த்தபடி நடந்தாள்.

"ஏன் கையக் கட்டிக்கிட்டுப் போற?"

"தெரியாமப் பறிச்சிருவேனோன்னு பயமா இருக்குங்க."

கொழுந்து பறிக்கிற சனத்தின் பிள்ளை, வேறென்ன சொல்லும்! சிரித்துவிட்டேன். ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். இதுதான் நேரம், கேட்டுவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. "சுலக்ஷனா, ஹட்டன்ல..." என்று ஆரம்பித்தேன். அவள் சட்டென்று எழுந்து, "அந்தா பாருங்க, நீலக் குருவி!" என்று ஓடினாள். குருவியைத் திட்டக்கூட முடியவில்லை. அவ்வளவு அழகாக இருந்தது.

கிரகரி ஏரிக்கு நடந்தே போனோம். அன்னப்பறவை மாதிரி செய்த மிதி படகு ஒன்றை அரை மணி நேரத்துக்கு எடுத்தேன். இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் மிதிக்க வேண்டும். எனக்கு நிதானமே கிடையாது, படபடவென்று மிதித்தேன். அவள் யோசித்து யோசித்து மிதித்தாள். அன்னம் நின்ற இடத்திலேயே வட்டம் போட்டது. கரையில் நின்ற படகுக்காரர் கையைக் காட்டி என்னவோ கத்தினார்.

"குவைத்தம்மா, நீங்க ரொம்ப அவசரப்படுறீங்க!"

"நீதான் தூங்குற!"

"ஒண்ணு, ரெண்டுன்னு நான் எண்ணுறேன். அதுக்கு மிதிங்க."

அவள் எண்ண, நான் மிதிக்க, அன்னம் நேராகப் போனது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் போனில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், ஆனால் சிரிக்கும்போது அவள் தோள் என் தோளில் இடிக்கும் என்பது எனக்குத் தெரியாது. ஏழு வருடத்தில் நான் எதை இழந்தேன் என்று அந்த இடி சொன்னது. படகிலும் நான் ஹட்டன் பேச்சை எடுக்கவில்லை. அந்தச் சிரிப்பைக் கெடுக்கத் தைரியம் வரவில்லை.

அதற்கப்புறம்தான் குதிரை. பழுப்பு நிறத்தில் ஒரு மட்டக்குதிரை. குதிரைக்காரர் அவளைத் தூக்கி உட்கார வைத்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏரியோரமாக நடத்திக்கொண்டு போனார். நான் பின்னாலேயே நடந்தேன். ரோட்டில் போன ஒரு வேன் திடீரென்று ஹாரன் அடித்தது. குதிரை மிரண்டு முன்னால் பாய்ந்தது. சேணத்தில் அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்தாள்.

"யூசுப்! கெட்டியாப் புடிச்சுக்க, யூசுப்!"

கத்தியது நான்தான்.

குதிரைக்காரர் கயிற்றைச் சுண்டி இழுத்து நிறுத்திவிட்டார். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் குதிரை மேல் உட்கார்ந்தபடியே திரும்பி என்னைப் பார்த்தாள். பயந்த முகம் இல்லை அது. நான் ஓடிப்போய் அவளை இறக்கினேன். வாயைத் தைத்துக்கொள்ளலாமா என்றிருந்தது எனக்கு. பிள்ளை விழப்போகிற நேரத்தில் பெற்றவள் வாயில் வந்த பெயர் இன்னொருத்தி பிள்ளையின் பெயர்.

அவித்த சோளம் வாங்கிக் கொடுத்தேன், தின்றாள். "சீதையம்மன் கோயிலுக்குப் போவமா?" என்றேன். "சரிங்க" என்றாள். வெலிமடை பஸ்ஸில் ஏறினோம். சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

சீதாஎலியவில் இறங்கினால் ரோட்டோரத்திலேயே கோயில். பின்னால் ஓடை, அதற்கு அப்பால் இருட்டாகக் காடு. இந்தியாவிலிருந்து வந்த இரண்டு பஸ் சனம் அங்கே படம் எடுத்துக்கொண்டு நின்றது. ராவணன் தூக்கி வந்து சீதையைச் சிறை வைத்தது இந்த இடத்தில்தான், ஓடைப் பாறையில் இருப்பது அனுமாருடைய பாதம் என்று ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார். நான் அம்மன் முன்னால் நின்று கும்பிட்டேன். கும்பிட்டேனா, வம்பு பேசினேனா தெரியாது. 'தாயே, நீ அந்நிய வீட்டில் ஒரு வருடம்கூட இருந்திருக்கமாட்டாய். நான் ஏழு வருடம். உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு நானாகவே போனேன். உன்னைத் தேடிக் கடல் தாண்டி ஆள் வந்தது. என்னைத் தேடி மாதா மாதம் ஏஜென்ட் போன்தான் வந்தது' என்று சொன்னேன்.

பூசகர் அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு, "யாரு பேருக்கு?" என்று கேட்டார்.

"என் மக பேருக்கு. சுலக்ஷனா" என்றேன்.

பக்கத்தில் நின்றவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். திருநீறு வாங்கிக்கொண்டதும் விறுவிறுவென்று இறங்கிப் போய் ஓடையோரம் ஒரு பாறையில் உட்கார்ந்தாள். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"யாருங்க யூசுப்பு?"

"நான் வேல செஞ்ச வீட்டுப் புள்ள."

"எத்தன வயசு?"

"ஆறரை."

"சின்னதுல இருந்தே நீங்கதான் பாத்தீங்களா?"

"நாப்பது நாள் புள்ளையா இருந்ததுல இருந்து."

"சோறு ஊட்டுவீங்களா?"

"ஊட்டுவேன்."

"தூங்க வைப்பீங்களா?"

"ம். தமிழ்லதான் பாடுவேன். அவனுக்கு ஒண்ணும் வெளங்காது. ஆனா தூங்கிருவான்."

அவள் ஒரு சின்னக் கல்லை எடுத்து ஓடையில் போட்டாள். "நீங்க வர்றப்போ அழுதானா?"

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். முடியவில்லை. "அழுதான். கார் வரைக்கும் ஓடியாந்தான்."

"நீங்க குவைத்துக்குப் போறப்போ நான் அழுதேனா?"

"நீ தூங்கிட்டு இருந்த. முழிச்சீன்னா என்னால போக முடியாதுன்னு விடியறதுக்குள்ள கெளம்பிட்டேன்."

"எந்திரிச்ச பெறகு?"

"மூணு நாளு நீ ஒண்ணுமே சாப்புடலன்னு மதினி சொன்னாங்க."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. அவள் இன்னொன்றைக் கேட்பதற்காகவே இவ்வளவையும் கேட்டிருக்கிறாள் என்பது அடுத்த கேள்வியில் தெரிந்தது.

"அவன ஒங்க புள்ளன்னு எழுதிக் குடுத்தீங்களா?"

"அது எப்பிடி எழுத முடியும்? அவன் அவங்க புள்ளதானே."

"அப்ப என்னைய மட்டும் ஏன் இல்லேன்னு எழுதிக் குடுத்த? நீ ஏன் அப்பிடி எழுதுன?"

'நீ' என்றாள். மூன்று வாரமாக நான் தவம் கிடந்த 'நீ'. அது வந்த நேரத்தைப் பாருங்கள்!

நடந்தது இதுதான். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருக்கிற தாயை அப்போது வெளிநாட்டு வேலைக்கு விடமாட்டார்கள். சட்டம் நல்ல சட்டம்தான், வயிற்றுக்குத்தான் அது புரியவில்லை. ஏஜென்ட் ஒரு பேப்பரைக் கொண்டுவந்து, "புள்ள இல்லைன்னு போட்டு ஒரு கையெழுத்து வைங்க, மத்தத நான் பாத்துக்கிறேன்" என்றான். எங்கள் டிவிஷனில் அந்த வருடம் மூன்று பேர் அப்படிக் கையெழுத்து வைத்தோம். கொழுந்துத் தராசு பக்கத்தில், ஒருத்தி முதுகை மேசையாக்கி இன்னொருத்தி, சிரித்துக்கொண்டே வைத்தோம். இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு 'எனக்குப் பிள்ளை இல்லை' என்று எழுதினேன் நான்.

"யாரு ஒனக்குச் சொன்னது?"

"எல்லாருக்குந்தான் தெரியுமே. சண்ட வந்தா பிரியந்தி அதத்தான் சொல்லுவா. 'ஒன்ன இல்லேன்னு எழுதிக் குடுத்துட்டுப் போனவதானே ஒங்கம்மா'ன்னு. மத்தப் புள்ளைகளும் சொல்லுவாங்க."

"அது சும்மா ஒரு பேப்பரும்மா. போறதுக்காகச் சும்மா எழுதுனது."

"சும்மாதான்னா, இருக்குன்னும் சும்மா எழுதியிருக்கலாம்ல?"

மாட்டிக்கொண்டவளுக்குக் கோபம்தான் வரும். எனக்கும் வந்தது. "வாய மூடு! ஒனக்காகத்தான் போனேன். ஒனக்காகத்தான் அந்தச் சூட்டுல கெடந்து வெந்தேன். ரொம்பப் பேசுற!" என்று கத்திவிட்டேன். படம் எடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா திரும்பிப் பார்த்தார். சுலக்ஷனா எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு ரோட்டுப் பக்கம் நடந்தாள். அந்த முதுகைப் பார்த்தபோது, எல்லாம் முடிந்துவிட்டது, ஹட்டனும் இல்லை, மகளும் இல்லை என்று நினைத்தேன். இவ்வளவு தூரம் கூட்டிவந்து, என் வாயாலேயே கெடுத்துக்கொண்டேன். பாழாய்ப் போன வாய்.

பஸ்ஸில் நுவரெலியாவுக்குத் திரும்பினோம். டவுனில் இறங்கி, பஸ் நிலையத்தை நோக்கி நடந்தோம். வழியில் தபால் கந்தோர். சிவப்புச் செங்கல்லில் மணிக்கூண்டோடு, வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். அதன் முன்னால் நின்று படம் எடுக்காமல் யாரும் ஊர் திரும்புவதில்லை. எங்களுக்குப் படம் எடுக்கிற மனநிலை இல்லை. ஆனால் சுலக்ஷனா வாசலில் நின்றுவிட்டாள். உள்ளே ஒரு தட்டியில் படம் போட்ட தபாலட்டைகள் சொருகியிருந்தன. உள்ளே போய் ஒன்றை எடுத்தாள். ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் வெறுமை.

"இதுல எழுதலாமாங்க?"

'ங்க' திரும்பி வந்துவிட்டது. "எழுதலாம். யாருக்கு எழுதப் போற?"

"நான் இல்ல. நீங்க எழுதுங்க. எனக்கு."

"என்னான்னு?"

"இருக்குன்னு."

அட்டையை வாங்கி, முத்திரையும் வாங்கி, அங்கே கயிற்றில் கட்டித் தொங்கிய பேனாவால் எழுதினேன். 'எனக்கு ஒரு பிள்ளை இருக்கிறாள். பெயர் சுலக்ஷனா. அவள் என் வயிற்றில் பிறந்த மகள். முன்னால் எழுதிக் கொடுத்தது பொய்.' கீழே கையெழுத்து வைத்தேன். அன்றைக்கு வைத்த அதே கையெழுத்துதான். அவள் எழுத்துக்கூட்டி வாசித்தாள், இரண்டு தடவை.

"கவர்ல போட்டு ஒட்டிருவமா?" என்று கேட்டேன். நாலு பேர் பார்வையில் படுமே என்று வெட்கம்.

"கவரு வேணாம். எல்லாரும் வாசிக்கட்டும்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எங்கள் லயத்துக்குத் தபால்காரர் வருவதில்லை. காம்பராவுக்குத் தனி விலாசம் இருந்தால்தானே? கடிதமெல்லாம் தோட்ட ஆபீசுக்குப் போகும். காலையில் பெரட்டுக் களத்தில் எல்லாரையும் வேலைக்குப் பிரித்துவிடும்போது, கணக்கப்பிள்ளை பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டுக் கொடுப்பார். கவர் இல்லாத அட்டை என்றால் அது களத்துக்கு வந்து சேர்வதற்குள் ஆபீசில் வாசித்திருப்பார்கள், களத்திலும் நாலு பேர் வாங்கிச் சத்தமாக வாசிப்பார்கள். இந்தப் பழக்கத்தை நான் எத்தனை தடவை திட்டியிருக்கிறேன்! ஒன்பது வயசுப் பிள்ளை அதைத்தான் கணக்குப் பண்ணி நிற்கிறாள்.

விலாசம் எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றது. நாளெல்லாம் கேட்க முடியாததை அங்கே கேட்டேன். "சுலக்ஷனா, ஹட்டன்ல ஒரு ரூம் பாத்திருக்கேன். பள்ளிக்கூடத்துல எடமும் கேட்டிருக்கேன். நாம ரெண்டு பேரும் அங்க போயி இருக்கலாம்னு... ஹட்டன் விலாசத்தப் போடவா, தோட்டத்து விலாசத்தப் போடவா?"

"தெரியும். அம்மா சொல்லுச்சு" என்றாள். "நீ எங்க இருந்தாலும் எனக்குச் சரிதான்னு சொல்லுச்சு. சொல்லிட்டு அடுப்புப் பக்கம் போயி அழுதுச்சு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"தோட்டத்துக்கே போடுங்க" என்றாள். "ஹட்டன்ல என்னைய யாருக்குத் தெரியும்? இல்லேன்னு சொன்னது எல்லாம் எங்க தோட்டத்துல. அங்கதான் கூப்புட்டுக் குடுக்கணும்."

எழுதினேன். சுலக்ஷனா, மேற்பார்வை பேச்சியம்மா, ஏழாம் நம்பர் லயம். நானே, என் கையாலேயே, மதினியின் பெயரை எழுதினேன். அந்தப் பெயரை எழுதும்போது வலித்தது. ஆனால் அதை எழுதாமல் இந்தப் பிள்ளைக்கு விலாசம் இல்லை என்பதும் உண்மை.

கவுன்டரில் இருந்த வயதான ஐயா அட்டையை வாங்கினார். முத்திரையைப் பார்த்தார், எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்று நினைக்கிறேன். முகத்தைப் பார்த்து என்ன புரிந்துகொண்டாரோ, பிள்ளையைக் காட்டி, "துவத?" என்றார். மகளா என்று சிங்களத்தில் கேட்கிறார்.

"ஒவ் மாத்தயா" என்றேன். ஆமாங்க ஐயா என்று. இத்தனை வருடத்தில் கவுன்டரில் இருக்கிற ஒருவருக்கு நான் சொன்ன முதல் உண்மை அது. அவர் சீல் கட்டையை எடுத்து ஓங்கிக் குத்தினார்.

"குவைத்தம்மா, கூப்புடுறப்போ நீங்களும் பெரட்டுல நிக்கணும்" என்றாள் சுலக்ஷனா. "அதுக்குப் பெறகு சொல்றேன், ஹட்டனுக்கு வர்றேனா இல்லையான்னு."

"திங்கக்கெழம நான் கடையில நிக்கணுமே, கண்ணு."

அவள் கெஞ்சவில்லை. அழவும் இல்லை. சீல் விழுந்த அட்டை பைக்குள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தூங்குகிற பிள்ளையை விட்டுவிட்டுப் போனவள்தான் நான். முழித்திருக்கிற பிள்ளையை விட்டுப் போக என்னால் முடியாது. வாசலுக்கு வந்து சோமசுந்தரம் முதலாளிக்குப் போன் போட்டேன். இரண்டு வாரம் தவணை கேட்டேன். மனுஷன் கோபப்படவில்லை. "யாவார நேரம்மா, என்னால காத்திருக்க முடியாது. வேற ஆளப் போட்டுக்கிறேன்" என்றார். சரிங்க என்று வைத்துவிட்டேன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் குவைத்தில் ஏழு வருடத்தில் ஒரு தடவைகூட எனக்கு வராத ஒரு நிம்மதியும் அந்தப் பயத்தோடு சேர்ந்து வந்தது.

தலவாக்கலைக்குப் போகிற பஸ்ஸில் அவள் என் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள். குளிர்.

"நாளைக்கு வந்துருமாங்க?"

"நாளைக்கு வராது."

"நாளன்னைக்கு?"

"அன்னைக்கும் வராது. தலவாக்கலைக்குப் போயி, பூண்டுலோயாவுக்கு வந்து, ஆபீசுக்கு வந்து, பெறகுதான் பெரட்டுக்கு வரும்."

"அது வர்ற வரைக்கும் எங்கயும் போகமாட்டீங்கல்ல?"

"போகமாட்டேன்."

அவள் என் தோளில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். எங்கள் தோட்டத்துத் தபாலைத் திட்டாத ஆளே கிடையாது. இன்டர்வியூ முடிந்த பிறகு இன்டர்வியூ கடிதம் வரும், எட்டாம் நாள் காரியம் முடிந்த பிறகு சாவு தந்தி வந்த காலமும் உண்டு. நானும் வாய் வலிக்கத் திட்டியவள்தான். அன்றைக்கு, நானுஓயா வளைவுகளில் அந்தத் தலை என் தோளிலிருந்து நழுவாமல் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, இந்த ஒரு அட்டையாவது வழியில் எங்கேயாவது கிடந்து ரொம்ப மெதுவாக வரட்டும் தாயே என்று வேண்டிக்கொண்டேன்.